மச்சாள் எடுத்த தல்மா: சிட்னியிலிருந்து மொன்றியல் வரை

மொன்றியலுக்கு ஒக்ரோபரில் போகிறவர்கள் பெரும்பாலும் இலைகளின் நிறம் பார்க்கப் போவார்கள், அல்லது சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போவார்கள். நான் போன ஒக்ரோபரில் அங்கே போனது ஒரு மீனின் படத்தைப் பார்ப்பதற்கு. அந்த மீன் வாழ்வது சிட்னியில், என் வீட்டிலிருந்து ஐம்பது நிமிடக் கார் ஓட்டத்தில். படம் மாட்டப்பட்டிருந்தது பதினாறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், மொன்றியலின் வடக்குப் பக்கத்து நூலக மண்டபம் ஒன்றில். எடுத்தவள் என் கணவரின் தங்கை தர்சினி. எனக்கு மச்சாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணம் முழுவதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. போகும்போதும் இருந்தது, அங்கே நின்றபோதும் இருந்தது, இதை எழுதும்போதும் கொஞ்சம் இருக்கிறது. விலைவிபரம் தேடி வந்தவர்கள் பொறாமையைத் தாண்டித் தாண்டி வாசிக்கலாம். விபரங்களைச் சரியாகவே தந்திருக்கிறேன்.

மீனைப் பற்றி ஒரு பந்தி. வண்ணத்துப்பூச்சி மீன் என்றதும் வெப்பக் கடலும் பவளப்பாறையும் மஞ்சள் மஞ்சளாய்த் திரியும் தட்டை மீன்களும்தான் பலருக்கு நினைவு வரும். தல்மா அந்தக் குடும்பத்தில் குளிர் பக்கம் வந்து குடியேறிய இனம். அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம், தண்ணீர் அவ்வளவு சூடில்லாத இடங்களில், பாசியும் கடற்பஞ்சும் மூடிய பாறைகளுக்கிடையே வாழ்கிறது. வெள்ளி உடம்பு, அதில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள், இடுக்குகளில் இரை பொறுக்க நீண்ட கூர்வாய். உடம்பின் பின்பக்கம் மட்டும் கத்தரிக்கோலால் நேரே வெட்டிவிட்டதுபோல் முடியும். அனேகமாகச் சோடியாகத்தான் திரியும். ஆழத்தில்தான் அதிகம் என்றாலும் துறைமுகத்துக்குள், இறங்குதுறையின் மரத்தூண்களோரம், சில நாட்களில் மேலேயும் வரும். என்னைப்போல் ஸ்நோர்கல் என்ற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு மேலே மிதப்பவர்களுக்கு அந்தச் சில நாட்கள்தான் வாய்ப்பு.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நாற்பது வயதில் நீச்சல் பழகினேன். அடுத்த வருடம் ஸ்நோர்கல் வாங்கினேன். அதிலிருந்து எட்டு வருடமாக, மழையோ வெயிலோ, சனிக்கிழமை காலைகளில் கடலுக்குப் போகிறேன். கணவர் சிவம் கூட வருவார், ஆனால் இறங்கமாட்டார். காருக்குள்ளிருந்து வானொலி கேட்பார். என்னிடம் தல்மாவின் படங்கள் நிறைய உண்டு. எல்லாமே வால் படங்கள். என்னைக் கண்டதும் அது திரும்பிவிடும். நான் காலை அடித்துக்கொண்டு பின்னால் போவேன், அது தூணைச் சுற்றி மறைந்துவிடும். அந்தச் சதுரமான பின்பக்கத்தை என்னைவிட அதிகம் படமெடுத்தவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

போன ஜனவரியில் தர்சினி மொன்றியலிலிருந்து மூன்று வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைவிட ஆறு வயது இளையவள். மொன்றியல் துறைமுகத்துக்கு அருகே ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள், மகளோடு வாழ்கிறாள். வந்த வாரச் சனிக்கிழமை சிவம், "நீ அவளையும் கூட்டிக்கொண்டு போவன். வீட்டிலை இருந்து என்ன செய்யப்போறாள்" என்றார். என் பழைய கமெராவையும் உபரி நீச்சல் மாஸ்க்கையும் கொடுத்து, இறங்குதுறையோரம் இடுப்பளவு தாண்டிய தண்ணீரில் விட்டேன். அரை மணித்தியாலத்தில் குளிருது என்று ஏறிவிட்டாள்.

அன்று பின்னேரம் சமையலறை மேசையில் அந்தக் கமெராவை நோண்டிக்கொண்டிருந்தாள். "இது என்ன மீன் மச்சாள்? நல்ல வடிவாய் இருக்கு" என்று நீட்டினாள்.

கீறல் விழுந்த சின்னத் திரையில் இரண்டு தல்மாக்கள். பக்கத்தில் பக்கத்தில், முதுகு முட்கள் நிமிர்ந்தபடி, இரண்டும் கமெராவை நேராகப் பார்த்துக்கொண்டு. மேலிருந்து விழுந்த வெளிச்சம் பட்டைகளுக்கிடையே வெள்ளியாக மினுங்கியது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணின் ஓரம்கூடத் தெளிவாக இருந்தது.

"தல்மா" என்றேன். கமெராவைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையில் சிவத்தின் தொலைபேசித் திரையில் அந்த மீன்கள் இருந்தன. எட்டு வருடமாக அந்தத் திரையில் இருந்தது, தொலைபேசி வாங்கும்போது தானாக வந்த ஒரு நீல மலை.

ஓகஸ்டில் தர்சினி அழைத்தாள். அவளுடைய வட்டாரத்தில் ஒரு புகைப்படக் கழகம் இருக்கிறதாம், கண்காட்சிக்கு அவளுடைய படத்தையும் தெரிந்தெடுத்திருக்கிறார்களாம், ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை திறப்பாம், அண்ணை வரவேணுமாம். சிவத்துக்கு விடுமுறை கிடைக்கவில்லை. "எங்கட பக்கத்தாலை அங்கை ஒருத்தரும் இல்லை. நீ போய் நில்லு, கௌரி" என்றார். எனக்கு இரண்டு வாரம் விடுமுறை மிச்சமிருந்தது. மறுப்பதற்கு வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

விமானம் சிட்னியிலிருந்து வன்கூவருக்குப் பதினான்கு மணித்தியாலம், அங்கிருந்து மொன்றியலுக்கு ஐந்து. போக வர இரண்டாயிரத்து முந்நூறு அவுஸ்திரேலிய டொலர். இரண்டு மாதம் முந்திப் பதிந்ததால் இந்த விலை. அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இணையத்தில் மின்பயண அனுமதி எடுக்கவேண்டும், ஏழு கனேடிய டொலர், எனக்குச் சில நிமிடத்தில் வந்தது. வன்கூவரில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கவேண்டும். இணைப்பு விமானத்துக்கு மூன்று மணித்தியாலமாவது விடுங்கள். என்னிடம் இரண்டுதான் இருந்தது, ஓடினேன்.

மொன்றியலில் இறங்கியபோது மாலை நான்கு மணி. தர்சினிக்கு வேலை முடியவில்லை, அதனால் தனியாகப் போனேன். வாசலிலேயே 747 பஸ் நிற்கும். பதினொரு டொலர் சொச்சம். அதே சீட்டில் இருபத்துநான்கு மணித்தியாலம் பஸ்ஸிலும் மெற்றோவிலும் போகலாம், ஆகவே எறிந்துவிடாதீர்கள். சாரதியிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினேன். அவர் பிரெஞ்சில் "போன்ஜூர்", அதாவது வணக்கம், என்றார். நானும் "போன்ஜூர்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஆங்கிலம் வந்தது. லியோனல்-குறூ நிலையத்தில் இறங்கி, செம்மஞ்சள் நிறத் தடத்தில், மொன்மொரன்சி என்று போட்டிருக்கும் பக்கம் ஏறி, ஹென்றி-பூறாசாவில் இறங்கினேன். நிலத்தடியில் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தர்சினி வீடு அஹுன்ட்சிக்கில், மூன்று மாடிக் கட்டடமொன்றின் இரண்டாம் மாடி. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. பெட்டி இருபத்துமூன்று கிலோ. கதவைத் திறந்தது அவளுடைய மகள் ஆரணி; கல்லூரியில் படிக்கிறாள். ஏழு மணிக்குத் தர்சினி வேலைச் சப்பாத்தோடு வந்தாள்.

"களைச்சுப் போனியள் மச்சாள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள். பிறகு, "அண்ணை வருவார் எண்டு நினைச்சன்" என்றாள். அதை அவள் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

திறப்புக்கு மூன்று நாள் இருந்தது. பகலில் தனியாக ஊர் சுற்றினேன். மெற்றோ ஒருமுறை மூன்று டொலர் எழுபத்தைந்து சதம். மலை என்று அவர்கள் சொல்லும் மொன்-றோயலில் ஏறி இறங்க இரண்டு மணித்தியாலம் போதும்; சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள் நின்றன, காற்று எட்டுப் பாகை. அழகுதான். ஆனால் அழகைப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. மாலைகளில் தர்சினியோடு கடைக்குப் போவேன். தெப்பனரில், அதாவது மூலைக்கடையில், பால் வாங்கும்போது அவள் உடைந்த பிரெஞ்சில் ஏதோ சொல்லுவாள், கடைக்காரர் சிரிப்பார். நான் சிட்னியில் இருபது வருடமாக ஆங்கிலம் பேசுகிறேன். எந்தக் கடைக்காரரும் நான் சொன்னதற்கு அப்படிச் சிரித்ததில்லை. இப்படியெல்லாம் பொறாமைப்படலாம் என்று அந்த வாரம்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாம் நாள் ஆற்றங்கரைக்குப் போனேன். கூவான் வீதிக்கு அப்பால் ஆறு ஓடுகிறது. நடைபாதை நல்லது, மரங்களடியில் இருப்பதற்கு வாங்குகள் உண்டு. தண்ணீர் தேத்தண்ணி நிறம். ஒருவர் தூண்டிலோடு நின்றார். என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசினார். மன்னாராம், இங்கே வந்து முப்பது வருடமாம்.

"ஆரின்ர வீட்டுக்கு வந்திருக்கிறியள்?"

"தர்சினி வீட்டுக்கு. நான் அவவின்ர தமையன்ர மனுசி."

"ஓ, மீன் படம் எடுத்த தர்சினியோ? எங்கட கோயில் பக்கத்துச் சனமெல்லாம் அதைத்தான் கதைக்குது. சனிக்கிழமை நாங்களும் வாறம்." தூண்டிலைச் சுற்றி எடுத்துப் புழுவைப் பார்த்தார். "நீங்களும் படம் எடுப்பியளோ?"

"எடுப்பன்."

"அப்ப அவவிட்டைக் கேட்டுப் பழகலாம். நல்ல பிள்ளை, சொல்லித் தருவா."

நான் ஓம் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன். அவர் பிடித்ததில் என்ன இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை திறப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு. நூலகம் தர்சினி வீட்டிலிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம், அனுமதி இலவசம். முப்பது படங்களளவில் மாட்டியிருந்தார்கள். பனியில் புதைந்த கார்கள், பாலத்தின் அடிப்பக்கம், ஒரு நாய். தர்சினியின் படம் எதிர்ச் சுவரில் தனியாக, ஒரு மீற்றர் அகலத்தில் இருந்தது. தர்சினி சேலை கட்டியிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், கோட்டைக் கழற்றாமல் போனேன்.

அந்தப் படத்தை நான் அதுவரை முழுதாகப் பார்த்திருக்கவில்லை. கமெராவின் சின்னத் திரையில் மீன்களைத்தான் பெரிதாக்கினேன். அவள் பிறகு தொலைபேசியில் அனுப்பியது மீன்களை மட்டும் வைத்துச் சதுரமாக வெட்டியது. சுவரில் இருந்தது முழுப் படம். இடது ஓரத்தில் சிப்பி மூடிய தூண். நடுவில் இரண்டு தல்மாக்கள். வலது மேல் மூலையில், பச்சைத் தண்ணீர் மங்கலாகும் இடத்தில், இரண்டு மஞ்சள் கால்துடுப்புகளும் அவற்றை அடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும் ஒரு பெண்ணின் கால்களும்.

மஞ்சள் கால்துடுப்பு என்னுடையது. அன்று காலை முழுவதும் நான் ஒரு தல்மாவைக்கூடக் காணவில்லை. தேடிக்கொண்டு தூரப் போயிருந்தேன். அவை எனக்குப் பின்னால் நின்றிருக்கின்றன.

கழகத்தின் தலைவி லூசி என்ற அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பிரெஞ்சில் கொஞ்சம் பேசிவிட்டு, தர்சினியிடம் ஏதோ கேட்டார். தர்சினி படத்தின் மூலையைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினாள். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மன்னார்க்காரரும் பார்த்தார்.

ஆரணி என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமி, படத்தில நீந்துற ஆள் நீங்களோ எண்டு கேக்கிறா. அந்த நேரம் நீங்களும் மீனைக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லு" என்றேன்.

ஆரணி "நோன்" என்றாள். லூசி நல்ல மனதோடுதான் சிரித்தார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். பிறகு மீனைப் பற்றி யாராவது விளக்கவேண்டும் என்று வந்தபோது தர்சினி, "மச்சாளைத்தான் கேக்கவேணும், எனக்கொண்டும் தெரியாது" என்று என்னை முன்னால் இழுத்துவிட்டாள். நான் சொல்ல, ஆரணி மொழிபெயர்த்தாள். எங்கே வாழும், என்ன தின்னும், பின்பக்கம் ஏன் இப்படிச் சதுரம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

வீடு திரும்பியதும் சிவத்தை அழைத்தேன். அங்கே ஞாயிறு காலை.

"உங்கட தங்கச்சியின்ர படத்திலை நானும் இருக்கிறன், தெரியுமோ?"

"எங்கை?"

"மூலையிலை. என்ர கால்துடுப்பு."

"எந்தக் கால்துடுப்பு?" என்றார். தொலைபேசியை எடுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. "இதிலை ரெண்டு மீன்தான் நிக்குது."

"ஏன் அதைப் போய் முன்னுக்கு வைச்சனீங்கள்? எட்டு வருசத்திலை என்ர படம் ஒண்டும் வைக்கேல்லை."

"உன்ர படங்களிலை மீன் திரும்பி நிக்கும், கௌரி" என்றார். மனிதர் பொய் சொல்லமாட்டார். அதுதான் அவரில் பிடித்ததும், அன்றைக்குப் பிடிக்காததும்.

ஞாயிறு காலை தர்சினி ஒரு துவாயை என் கையில் தந்து, "நீச்சலுக்குப் போறன், வாறியளோ?" என்றாள். எனக்கு ஆச்சரியம். மார்ச்சிலிருந்து பழகுகிறாளாம், செவ்வாயும் ஞாயிறும். வட்டாரத்தின் பொது நீச்சல் தடாகம். நான் போன நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தலைக்கு நீச்சல்தொப்பி போடாமல் விடமாட்டார்கள். ஐந்து டொலருக்கு ஒன்று வாங்கினேன். அலுமாரிக்குப் பூட்டு நீங்களே கொண்டுபோகவேண்டும்.

ஒளிக்காமல் எழுதுகிறேன்: அந்தத் தண்ணீரில் இறங்கியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்றிலாவது நான் அவளைவிடக் கெட்டிக்காரி. நிறுத்தாமல் போய்வந்தேன், திரும்பும்போது வேண்டுமென்றே அழகாகத் திரும்பினேன். தர்சினி ஓரத் தடத்தில், முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மெதுவாக வந்தாள். அன்றைக்கு ஆழப் பக்கத்தைக் கடக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். பாதி தாண்டியதும் நின்றுவிட்டாள். கால் நிலம் தேடியது. நிலம் இல்லை. நான் பக்கத்துத் தடத்தில் இருந்தேன். கயிற்றுக்குக் கீழால் போய்ச் சேர்ந்ததும் என் தோளைப் பிடித்துவிட்டாள். நகம் பதிந்தது.

"விடாதேங்கோ மச்சாள்."

"விடேல்லை. மூச்சை விடும். வாயாலை விடும்."

காவலுக்கு இருந்த பெண் எழுந்தாள். நான் ஒரு கையைத் தூக்கிக் காட்டினேன். கரை நான்கு மீற்றர்தான். இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று திரும்பினேன்.

"கரைக்குக் கொண்டுபோகாதேங்கோ" என்றாள் தர்சினி. பல் கிடுகிடுத்தது. "இப்பிடியே கொஞ்சம் நில்லுங்கோ. பேந்து நான் தனியப் போறன்."

நின்றேன். காலை மட்டும் மெதுவாக அசைத்துக்கொண்டு, அவளுடைய பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்பது எனக்கு வேகமாக நீந்துவதைவிடக் கடினமாக இருந்தது. அவளுடைய மூச்சு முதலில் விட்டு விட்டு வந்தது, பிறகு ஒழுங்காயிற்று. கையை எடுத்தாள். சொன்னபடியே தனியாகப் போய் அந்தப் பக்கச் சுவரைத் தொட்டாள். திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

உடை மாற்றியபின் வெளி மண்டபத்து வாங்கில் கோப்பியோடு இருந்தோம். இயந்திரக் கோப்பி, இரண்டு டொலர், குடிக்காதீர்கள்.

"நீர் ஏன் இப்பிடிக் கஸ்டப்படுறீர்?" என்று கேட்டேன். "உமக்கு அண்டைக்குக் கடல் பிடிக்கேல்லை. அரை மணித்தியாலத்திலை ஏறினீர்."

"பிடிக்கேல்லைத்தான். அண்ணை சொன்னபடியால்தான் இறங்கினனான். நீங்கள் அங்காலை போனாப் பிறகு பயத்திலை தூணைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அசையாமல் நிண்டனான். கைக்கு ஒரு வேலை குடுக்கத்தான் அந்தப் பட்டனை அமத்தி அமத்திக்கொண்டு நிண்டன்." கோப்பையைக் கீழே வைத்தாள். "கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தனான், மச்சாள். அந்த மீனை நான் காணவேயில்லை. வீட்டை வந்து திரையிலைதான் கண்டனான்."

நான் அவளைப் பார்த்தேன்.

"நேற்றும் எல்லாரும் வந்து வந்து கேட்டினம், காணேக்கை எப்பிடி இருந்தது எண்டு. ஒண்டும் சொல்ல வரேல்லை. நீங்கள் சொல்லேக்கை அது எப்பிடித் திரும்பும், எப்பிடித் தூணைச் சுத்தும் எண்டெல்லாம் சொன்னீங்கள். எட்டு வருசமாய் சனிக்கிழமை சனிக்கிழமை கண்ணாலை கண்டுகொண்டிருக்கிறியள்." கோப்பையை மறுபடி எடுத்தாள். "எனக்கு உங்களிலை சரியான எரிச்சல். ஜனவரியிலிருந்து எரிச்சல். அதுதான் பழகிறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் கரித்தது. நீச்சல் தடாகத்து மருந்தாகவும் இருக்கலாம். நான் ஒன்பது மாதமாக அவள்மேல் வைத்திருந்ததை அவளும் என்மேல் வைத்திருந்திருக்கிறாள், என்னைவிட நேராக வாயால் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். இவ்வளவு நாளும் சிவத்துக்கும் சொல்லாதது. அவள் சிட்னியிலிருந்து திரும்பிய பிறகு, மாதக்கணக்காக வெறி பிடித்ததுபோல் நான் துறைமுகத்தின் மூலை முடுக்கெல்லாம் தேடினேன். ஜூலையில் ஒரு இடம் கிடைத்தது. யாரும் பாவிக்காத பழைய படகுக் கொட்டில், அதன் தூண்கள் பாதி இற்றுப்போனவை, ஆழம் மூன்று மீற்றர்தான். அங்கே ஒரு தல்மாச் சோடி இருக்கிறது. எந்தச் சனிக்கிழமை போனாலும் இருக்கும். எனக்கு இன்னும் முகம் காட்டவில்லை.

எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கத்தால் இறங்குவது, தண்ணீர் எப்போது வற்றும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் தர்சினி, "ஜனவரியிலை வரட்டோ?" என்றாள்.

"வாரும்" என்றேன். சொன்ன கணமே அதைத் திருப்பி வாங்கவேண்டும்போல் இருந்தது. வாங்கவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஒக்ரோபர் நடுப்பகுதிக்கு ஒரு தடித்த கோட்டும் மூடிய சப்பாத்தும் போதும். கையுறை மலைக்குத் தேவைப்படும். அஹுன்ட்சிக், மொன்றியல்-நோர் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் நகர மையத்துக்கு மெற்றோவில் அரை மணித்தியாலம், ஹோட்டலுக்கு ஒரு இரவுக்கு இருநூறு டொலருக்குமேல் கேட்டார்கள். தடவைக்குத் தடவை சீட்டு வாங்காமல் மூன்று நாள் அட்டை எடுங்கள். கடைக்குள் நுழையும்போது முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள், பிறகு எந்த மொழியும் நடக்கும். ஆற்றங்கரை நடைபாதையில் காலை பத்து மணிக்குப் பிறகு வெயில் விழும். நூலகக் கண்காட்சிகள் இலவசம், படங்களுக்கு முன்னால் கோட்டைக் கழற்றிவிட்டு நிதானமாக நில்லுங்கள், மூலைகளையும் பாருங்கள்.

சிட்னிக்குத் தல்மா பார்க்க வருகிறவர்கள் துறைமுகத்துக்குள் உள்ள எந்தப் பழைய இறங்குதுறையிலும் முயற்சிக்கலாம். வற்று முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரம் நல்லது. துரத்தவேண்டாம், ஒரு தூணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். கண்ணை மட்டும் திறந்து வைத்திருங்கள். படகுக் கொட்டில் எங்கே இருக்கிறது என்று தயவுசெய்து கேட்டு எழுதவேண்டாம். ஒருத்திக்குச் சொல்லிவிட்டேன், அதுவே எனக்கு அதிகம்.

தர்சினி பயணச்சீட்டு எடுத்துவிட்டாள். ஜனவரி இரண்டாம் வாரம் வருகிறாள். தன் சொந்தக் கமெராவோடு வருகிறாளாம், ஆழப் பக்கத்தை இப்போது நிற்காமல் கடக்கிறாளாம். ஆரணி செய்தி அனுப்பியிருக்கிறாள். நான் வாழ்த்து எழுதி அனுப்பினேன். அவள் வருவதற்குமுன் இன்னும் சில சனிக்கிழமைகள் இருக்கின்றன. ஒன்றையும் விடப்போவதில்லை.